கட்டிளையும் கட்டிலும்

எனக்கு மீன் என்றால் அது மண்சட்டியில் கிடக்க வேண்டும். காஞ்சிரங்குளம் பக்கத்திலிருந்து காலையில் ஸ்கூட்டரில் மீன் கொண்டுவருகிறவரின் ஹார்ன் கேட்டால் தைத்துக்கொண்டிருக்கும் துணியைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுகிறவள் நான். அதே மீனைக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டு, லைட் போட்டு, வேளாவேளைக்குத் தீனி கொடுத்து, அது நம்மைப் பார்த்து வாயைத் திறந்து மூடுவதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன சுகம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு மீனும் வேண்டும். சட்டியில் இருப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே தொட்டியில் இருப்பதைப் பார்ப்பார். மூன்றடி நீளத் தொட்டி அது. சாப்பாட்டு மேசையின் பாதியை அது எடுத்துக்கொண்டதால் நாங்கள் மிச்சப் பாதியில் முட்டி இடித்துக்கொண்டு சாப்பிட்டோம். ஆறு கறுப்பு மோலி, மூன்று ஏஞ்சல்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். சனிக்கிழமை லீவு என்பதால் அன்றுதான் தொட்டியில் வெள்ளம் மாற்றுவார். கேரள எல்லையோரம் இருக்கிற எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் வெறும் தண்ணீர்தான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை பயப்படும்படி ஆகிவிட்டது. இரண்டு கையிலும் இரண்டு பக்கெட் அழுக்கு வெள்ளத்தோடு கறிவேப்பிலை மரத்து மூட்டில் ஊற்றப் போனவர், மழையில் பாசி பிடித்துக் கிடந்த முற்றத்தில் வழுக்கி மல்லாந்து விழுந்தார். முதுகெலும்பில் ஒன்று நொறுங்கியது. திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்து, தகடு வைத்து, ஸ்குரு போட்டு அனுப்பினார்கள். குற்றம் பாசியுடையது என்று எனக்குத் தெரியும். ஆனால் பாசியோடு எப்படிச் சண்டை போடுவது? அதனால் நான் மீன்களோடு பேச்சை நிறுத்திவிட்டேன்.

ஆறு வாரம் கழிந்து பரிசோதனைக்குப் போனபோது, எலும்பு சேர்ந்துவிட்டது, இனி எழும்பி உட்காரலாம், மெதுவாக நிற்கலாம் என்றார் டாக்டர். இவர் உட்காரவில்லை. உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வந்த பெண் தோளைப் பிடித்துத் தூக்கியதும் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். அடுத்த தடவை அவள் வந்தபோது "நாளைக்கு ஆவட்டும்" என்றார். அதற்கப்புறம் எல்லாம் நாளைக்குத்தான்.

"ஸ்குரு கழண்டு போச்சுன்னா?" என்பார் என்னிடம்.

"அது என்ன எனக்க தையல் மெசினா, கழண்டு போவதுக்கு?"

"நீ சிரிப்ப. எனக்க முதுகில்லா."

ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, உதியன்குளங்கரை ஜங்ஷனில் நாலு பக்கமும் வண்டி இடிக்க வரும்போது கூட கண்ணைச் சிமிட்டாத மனுஷன், ஒரு தலையணையிலிருந்து எழும்பப் பயந்தார். எனக்குக் கோபமாக வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. ஏனென்றால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே இன்னும் ஒன்றிரண்டு மாதம் போனால் கிடப்பதற்கே பழகிவிடுவார், பிறகு யாராலும் எழுப்ப முடியாது என்று சொல்லியிருந்தார். சர்ச்சிலிருந்து ஜெபிக்க வருகிறவர்கள் எல்லாரும் "ரெஸ்ட் எடுங்க, அவசரப்படாதீங்க" என்று சொல்லி, போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்கள். நல்ல மனசுதான். ஆனால் ஒவ்வொருவர் போன பிறகும் அவர் இன்னும் கொஞ்சம் கட்டிலோடு ஒட்டிக்கொண்ட மாதிரி எனக்குத் தோன்றியது.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு மீனைக் காணணும். தொட்டியை இந்த முறிக்கு மாத்து."

முறி என்று நாங்கள் சொல்லும் அந்த அறையில் படுத்துக்கிடந்தால் அவருக்குத் தெரிவது ஃபேன், டியூப் லைட், பிறகு ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வானமும் அடுத்த விளைத் தோட்டத்தில் நிற்கும் தென்னையின் தலையும். அவ்வளவுதான். நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கும் பைத்தியம் பிடிக்கும். சரி என்றேன். ஆனால் தொட்டியை எதன் மேல் வைப்பது? கடையில் விற்கும் ஸ்டாண்டு எல்லாம் மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை. இரண்டு நாள் வெள்ளம் சொட்டினால் புட்டு மாதிரி ஊதி உதிரும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெள்ளம் மட்டுமே நூற்றிருபத்தைந்து லிட்டர் இருக்கும். கண்ணாடியும் கல்லும் சேர்ந்தால் நூற்றைம்பது கிலோவைத் தாண்டும். தடித்த ஆள் இரண்டு பேர் இரவும் பகலும் இறங்காமல் ஏறி நிற்பதற்குச் சமம்.

மரப்பணிக்காரர் மூன்று பேரைக் கூப்பிட்டேன். மூன்று பேரும் "வாறேன்" என்றார்கள். எங்கள் பக்கத்தில் வாறேன் என்றால் வருவேன் என்றும் அர்த்தம், போகிறேன் என்றும் அர்த்தம். இவர்கள் சொன்னது இரண்டாவது. மூன்று வாரம் பார்த்துவிட்டு, நானே செய்வது என்று முடிவு பண்ணினேன். இருபது வருஷத்துக்கு மேலாகத் துணி வெட்டுகிறவள், மரத்தை வெட்டினால் என்ன என்று ஒரு திமிர். வீட்டுக்காரரின் டூல்ஸ் பெட்டியில் மரம் அறுக்கும் வாள், உளி, டிரில் எல்லாம் உண்டு. குன்னத்துகாலில் எங்கள் வீட்டு வாசல் ஒட்டுத்திண்டில் உளி பிடித்த முதல் தையல்காரி நானாகத்தான் இருப்பேன்.

டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் கட்டில் ஓரமாக நின்று, தரையிலிருந்து அவர் கண்வரை அளந்தேன். இருபத்தாறு இஞ்சி. ஸ்டாண்டின் உயரம் இருபத்தி நாலு என்று வைத்தால், தலையைத் திருப்பினாலே தொட்டி நேராகத் தெரியும். அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும் கஸ்டமர் மாதிரி அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். முடிந்ததும் சிரித்தார். விழுந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

இனி மரம். உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை இடித்துப் பொளிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டு அம்மா என்னிடம் பிளவுஸ் தைக்கக் கொடுக்கிறவர். போன் பண்ணிக் கேட்டதற்கு, "ரெண்டு கட்டிள உண்டு, நல்ல அயனி மரம், சும்மா எடுத்துக்கோ" என்றார். வாசல்நிலையைத்தான் நாங்கள் கட்டிள என்போம். மலையாளத்துச் சொல், எங்கள் வாயில் தமிழாகவே ஊறிவிட்டது. கதவு மாட்டிய சட்டம் என்பதால் நாலு இஞ்சி தடிமன் இருக்கும். யானையை ஏற்றினாலும் தாங்கும். வாங்கிவர ஆள் அனுப்ப வேண்டும்.

என் தங்கையின் மாப்பிள்ளைக்குப் பெட்டி ஆட்டோ உண்டு. பேக்கரிகளுக்குப் பலகாரம் போடுகிறவர். விருதுநகர்ப் பக்கத்தில் பிறந்து, கல்யாணம் பண்ணி இந்தப் பக்கம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகிறது. மலையாளம் பேசுவார். பஸ் போர்டை வாசித்துக் கற்ற மலையாளம். அவருக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். "தம்பி, உதியன்குளங்கரையில எனக்காக ரெண்டு கட்டிள எடுத்து வச்சிருக்காவ. ஆட்டோவில போட்டு இஞ்ச கொண்டுவந்து தாருங்க."

சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. பின்னால் இரண்டு கட்டில்.

ஒற்றையாள் படுக்கும் பழைய கட்டில்கள். கழற்றி அடுக்கி, கயிறு போட்டுக் கட்டி, மேலே தார்ப்பாய் மூடி, குழந்தையைக் கொண்டுவருவது போலக் கொண்டுவந்திருந்தார்.

"தம்பி, இது என்னது?"

"கட்டில் மதினி. நீங்கதானே ரெண்டு கட்டில்னு சொன்னீங்க?"

"கட்டிலா? நான் கட்டிள இல்லா சொன்னேன்!"

"அதத்தான் மதினி நானும் சொல்றேன். கட்டில்."

இரண்டு பேரும் முற்றத்தில் நின்று கட்டிள, கட்டில் என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் காதுக்கு நான் ஒரே சொல்லைத்தான் கத்திக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மாவுக்குப் போன் பண்ணினேன். இவர் போய்க் "கட்டில் எடுக்க வந்தேன்" என்றதும், மாடியில் கிடந்த மகன்மாரின் கட்டிலைத்தான் நான் கேட்டிருக்கிறேன் போல என்று நினைத்து அவரும் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டிருக்கிறார். மகன்கள் இரண்டு பேரும் வெளிநாட்டில். கட்டிள இரண்டையும் பின்னாலேயே வந்த வேறு யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

வாயில் வந்ததை எல்லாம் சொல்லிவிடலாம் என்று திறந்தேன். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். வந்தது வந்துவிட்டது, என்ன இருக்கிறது என்று பார்க்கலாம் என்று கயிற்றை அவிழ்த்தோம்.

மரம் அயனிதான். அதில் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கட்டிலுக்கும் தலைமாட்டுச் சட்டம் ஒன்று, கால்மாட்டுச் சட்டம் ஒன்று. இரண்டு கால், குறுக்கே மேலும் கீழும் கட்டை, நடுவில் அழிகள். எல்லாம் துளையில் இறக்கி ஆப்பு அடித்த வேலை. ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அகலம் மூன்றடி. எங்கள் தொட்டியின் நீளமும் மூன்றடி. எனக்கு உடனே விஷயம் விளங்கிவிட்டது. ஒரே மாதிரி இரண்டு சட்டத்தை முன்னும் பின்னுமாக நிறுத்தி, நடுவில் குறுக்குக் கட்டை கொடுத்து இணைத்தால் ஸ்டாண்டு ஆயிற்று. முன்பக்கத் துணியும் பின்பக்கத் துணியும் தைத்தே வந்திருக்கிறது, பக்கத் தையல் மட்டும்தான் என் வேலை.

"மரம் வந்துதா?" என்று உள்ளேயிருந்து கேட்டார்.

"வந்துது!"

"அளவு சரியாக்குமா?"

கால்மாட்டுச் சட்டத்தில் டேப்பை வைத்தேன். சரியாக இருபத்தி நாலு இஞ்சி. ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சொல்லி வைத்துச் செய்த மாதிரி இருந்தது. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் அந்த ஸ்டாண்டை அந்த உயரத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தலையணையில் தலையைத் திருப்பி வைத்துக்கொண்டு, மீனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, ஒரு குறையுமில்லாமல் அவர் கிடப்பார். வருகிற கிறிஸ்துமஸுக்கும் கிடப்பார். அதற்கடுத்த கிறிஸ்துமஸுக்கும். நான் தீனி போட்டுக்கொண்டிருப்பேன், அதுகளுக்கும் அவருக்கும்.

கால்மாட்டுச் சட்டம் இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் மதிலில் சாய்த்தேன். தலைமாட்டுச் சட்டம் இரண்டையும் இழுத்துப் போட்டேன். அது நாற்பத்தோரு இஞ்சி.

"மதினி, இது ரொம்ப உசரமாச்சே," என்றார் தம்பி. "சகலைக்குப் படுத்துக்கிட்டே பாத்தா தெரியாதே."

"தெரியாதுன்னுதான் எடுக்குதேன்."

 அவர் காரணம் கேட்காமல் வாளை எடுத்தார். அந்த ஒரு காரியத்துக்காகவே கட்டிலை மன்னித்துவிட்டேன்.

ஜன்னல் பக்கம் போய் உள்ளே குரல் கொடுத்தேன். "கால்மாடு ரெண்டும் செதல் அரிச்சுப் போச்சு. தலைமாட்டை வச்சுத்தான் செய்யணும். கொஞ்சம் உயரம் கூடும்." அந்த மரத்தில் ஒரு கறையான் ஓட்டை கூடக் கிடையாது. அவரிடம் நான் அதுவரை பொய் சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். சேலை வாங்கிய விஷயங்களில் சொல்லியிருக்கிறேன். ஆனால் எழும்ப முடியாமல் கிடக்கும் மனுஷனிடம் சொன்ன பொய் அந்தக் கணக்கில் வராது.

உயரமான ஸ்டாண்டு என்றால் கவிழக் கூடாது. அதனால் ஓரடி ஆழம் போதாது, ஒன்றரை அடி வைத்தோம். குறுக்குக் கட்டைக்குக் கட்டிலின் பக்கச் சட்டங்களை அறுத்தோம். முதல் கட்டையை நான்தான் அளந்து குறித்தேன். அறுத்து வைத்துப் பார்த்தால் ஒரு இஞ்சி நீளம் அதிகம். எப்படி என்று யோசித்தால், கை தன்பாட்டுக்கு இரண்டு பக்கமும் தையலுக்கு அரை இஞ்சி விட்டிருக்கிறது! மரத்தை உள்ளே மடக்கித் தைக்க முடியாது என்று எனக்கு யார் சொல்வார்கள்? தம்பி ஒட்டுத்திண்டில் உட்கார்ந்து சிரித்தார். கட்டில் விஷயத்துக்குச் சரிக்குச் சரி ஆயிற்று அவருக்கு. பிறகு மேலே மூன்று கட்டை, கீழே மூன்று கட்டை, டிரில்லில் துளை போட்டு, பசை தடவி, நீளமான ஸ்குரு முறுக்கினோம். மேசைவிரிப்பு கோணாமல் இருக்கிறதா என்று மூலைக்கு மூலை டேப் பிடித்துப் பார்ப்பேன், அதே மாதிரி இதற்கும் பார்த்தேன். இரண்டு மூலையளவும் ஒத்து வந்தன. கட்டிலின் பலகைகளையே மேல்தட்டாகப் பரப்பினோம்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது ஒரு காலின் உள்பக்கத்தில் காம்பஸ் முனையால் கீறிய எழுத்துகள் தெரிந்தன. ஏழாம் வாய்ப்பாடு. பரீட்சைக்குப் படுத்துக்கொண்டே படித்த பிள்ளை போல. ஏழெட்டு ஐம்பத்தி நாலு என்று தப்பாக எழுதியிருந்தான். அதைத் தேய்க்க மனசு வரவில்லை, அப்படியே வார்னிஷ் அடித்துவிட்டேன்.

வார்னிஷ் காய்ந்ததும் தம்பியும் நானும் ஸ்டாண்டின் மேல் ஏறி உட்கார்ந்து குதித்துப் பார்த்தோம். ஒரு முனகல் கூட இல்லை. முறிக்குள் கொண்டுபோய், சுவரோடு சேர்த்து இரண்டு இரும்பு ஆங்கிள் வைத்து முடுக்கினோம். மேலே தெர்மோகோல் விரித்து, அதன் மேல் தொட்டியைத் தூக்கி வைத்து, வெள்ளம் நிறைத்து, மீன்களை விட்டு, லைட்டைப் போட்டேன்.

அவர் தலையைத் திருப்பினார். பார்த்தார். கழுத்தை நீட்டினார்.

"எனக்குக் காணல்லியே."

"என்ன காணுது?"

"ஏஞ்சலுக்க வயிறு காணுது. பின்னே மரம். மோலி ஒண்ணையும் காணல்ல."

மோலி எல்லாம் அடியில் கல்லைக் கொத்திக்கொண்டு திரியும். கீழேயிருந்து பார்த்தால் தட்டு மறைக்கும் என்று எனக்குத் தெரியும்.

"காலைக் கொஞ்சம் வெட்டிக் குறைக்கப்படாதா?"

"வெட்டினா பலம் போயிரும்." இது இரண்டாவது பொய். அதற்கப்புறம் நாக்கு நிற்கவில்லை. "காணணும்னா எழும்பி இருங்க. மீன் இறங்கி வந்து உங்க பக்கத்துல கிடக்காது."

சொன்ன தோரணை எனக்கே கேட்கக் கொடூரமாக இருந்தது. அவர் முகத்தை அந்தப் பக்கச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். மத்தியானம் இரண்டு வாய் சோறுதான் சாப்பிட்டார். நான் மெஷினில் உட்கார்ந்து, மிதிக்கிற சத்தத்தில் அழுதேன். நான் செய்தது வைத்தியமா, பழிவாங்கலா என்று எனக்கே தெரியவில்லை. போதும், கால்மாட்டை எடுத்து மாற்றிச் செய்துவிடலாம் என்று இரண்டு தடவை கோழிக்கூடு வரைக்கும் போய்த் திரும்பினேன்.

மூன்றாம் நாள் "ஒரு தலையணை கூடத் தா" என்றார். கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து இன்னொன்று கேட்டார். மூன்று தலையணையில் அவருக்கு ஏஞ்சல் முழுசாகத் தெரிந்தது. சர்ச்சிலிருந்து வந்த ஒருவர், கழுத்து வலிக்குமே என்று அக்கறையாக ஒரு தலையணையை உருவப் போனார். "அதைத் தொடாதேயும்!" என்று இவர் போட்ட சத்தத்தில் ஜெபம் சுருக்கமாக முடிந்தது. ஆனால் முதுகு மெத்தையை விட்டு எழும்பவில்லை. நான் கையை நீட்டினால் "நாளைக்கு" என்றுதான் பதில்.

"மோலி எல்லாம் உண்டா?" என்று தினமும் கேட்பார்.

"உண்டு, உண்டு," என்பேன், திரும்பிப் பார்க்காமல்.

இரண்டு வாரம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கல்யாண ஆர்டர் பிளவுஸ் ஒன்றுக்குக் கை சேர்த்துத் தைத்துக்கொண்டிருந்தேன். முறியிலிருந்து கூப்பிட்டார். அவசரக் குரல் இல்லை, சும்மா கூப்பிட்டார். போனேன். எப்போதும் போல மல்லாந்து கிடந்தார். நெற்றி முழுக்க வியர்த்திருந்தது, ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"மோலி அஞ்சுதான் உண்டு," என்றார். "ஒண்ணைக் காணல்ல. நீ எண்ணவே இல்ல, இல்லா?"

தொட்டியைப் பார்த்தேன். எண்ணினேன். ஐந்துதான் இருந்தது.

"பின்னே," என்றார், ஃபேனைப் பார்த்துக்கொண்டே, "கோழிக்கூட்டுக்குப் பக்கத்துல அந்தக் கால்மாடு ரெண்டும் மதிலில சாரி வச்சிருக்கியே. நல்ல மரமாக்கும் மக்கா. செதல் ஒண்ணும் காணல்லியே."

நான் ஜன்னலைப் பார்த்தேன். அவர் தலையணைக்குப் பக்கத்தில் குனிந்து, அவர் கண் இருக்கும் இடத்தில் என் கண்ணை வைத்துப் பார்த்தேன். வானம் தெரிந்தது. தென்னையின் தலை தெரிந்தது. கோழிக்கூடும் தெரியவில்லை, மதிலும் தெரியவில்லை.

நிமிர்ந்தபோது என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"எனக்குக் காணல்லியே," என்றேன். "நான் காணாம எழும்பினா எப்பிடி?"

அவர் போர்வையைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

"பிடி," என்றார்.